உடைந்த பொருள், கைவிட்ட இடம்: படமெடுப்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

திருச்சி, கல்லூரி மாணவர்: அக்கா, தெருவோரம் கிடக்குற உடைஞ்ச நாற்காலி, ஒத்தச் செருப்பு, துருப்பிடிச்ச சைக்கிள்னு எடுத்துட்டு இருக்கேன். பார்க்குறவங்க எல்லாம் "இதுல என்ன இருக்கு?"ன்னு கேக்குறாங்க. எங்க தப்பு பண்றேன்?

தம்பி, நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். எல்லாமே "பாவம், பழசு" என்று மட்டும்தான் சொல்கின்றன. அதைச் சொல்ல நாற்காலியே தேவையில்லை.

அது எப்படி உடைந்தது என்று பாருங்கள். வயர் பின்னல் நாற்காலியில் உட்காரும் இடத்தின் முன்விளிம்புதான் பெரும்பாலும் முதலில் அறும். உங்கள் நாற்காலியில் அந்த இடத்தில் மட்டும் பச்சை வயர், மற்றதெல்லாம் நீலம். யாரோ ஒருமுறை பின்னித் திருத்தியிருக்கிறார்கள், பிறகுதான் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். படத்தின் விஷயமே அதுதான். நீங்களோ பத்தடி தள்ளி நின்று சுவர், சாக்கடை, கரண்ட் கம்பம் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்திருக்கிறீர்கள். சைக்கிளும் அப்படித்தான். டயரும் செயினும் சீட்டும் போய்விட்டன, மட்கார்டு மட்டும் மிச்சம். தேவைப்பட்டதை ஒவ்வொருவராகக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். கழற்றிய இடங்கள் தெரிகிற கோணத்தில் நின்று எடுங்கள்.

இர்விங் பென் என்ற அமெரிக்கர் ஃபேஷன் படங்களுக்குப் பேர்போனவர். 1972-இல் நியூயார்க் தெருவில் கிடந்த சிகரெட் துண்டுகளைப் பொறுக்கி வந்து ஸ்டூடியோவில் வைத்துப் படமெடுத்தார். அவற்றைப் பிளாட்டினம் உப்பு பூசிய தாளில் பெரிதாக அச்சிட்டார். 1975-இல் அந்த ஊர் நவீனக் கலை அருங்காட்சியகம் அவற்றைக் காட்சிக்கு வைத்தது. நசுங்கிய காகிதம், பாதி எரிந்த பிராண்டு எழுத்து, சாம்பல் என்று ஒவ்வொன்றும் தெரியும். அந்த அளவு கிட்டே போங்கள்.

சேலம்: இதுக்கு எந்த கேமரா வாங்கலாம் மேடம்?

கையில் இருக்கிற போன் போதும்.

புதுக்கோட்டை, பள்ளி ஆசிரியர்: எங்கள் ஊரில் ஒரு பழைய சத்திரம். சுண்ணாம்புக் காரை பெயர்ந்து உள்ளே செங்கல் தெரிகிறது. நேரில் அவ்வளவு அழகு. படத்தில் சப்பையாக, சாம்பல் நிறமாக வருகிறது. ஏன்?

இரண்டு காரணம் இருக்கும் சார். உங்கள் படத்தில் நிழலே இல்லை, நடுப்பகலில் போயிருக்கிறீர்கள். காரை பெயர்ந்த மேடுபள்ளம் தெரிய வேண்டுமானால் வெயில் சுவரை உரசிக்கொண்டு பக்கவாட்டில் விழ வேண்டும். கிழக்குப் பார்த்த சுவருக்குச் சூரியன் நேர் எதிரில் இருக்கும்போதும் சப்பையாகத்தான் வரும். பத்து, பதினோரு மணிவாக்கில் வெளிச்சம் மேலிருந்து சரிந்து இறங்கும், அப்போது எடுத்துப் பாருங்கள். வடக்கு, தெற்குச் சுவர்களுக்குக் காலையும் மாலையும் நல்லது.

வெள்ளைச் சுவர் சாம்பலாவது கேமராவின் கணக்கால். எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்கு விடும் வெளிச்சத்தின் அளவை, முக்காலோ ஒன்றோ கூட்டுங்கள். போனில் சுவரைத் தொட்டால் பக்கத்தில் சூரியன் மாதிரி ஒரு குறி வரும், அதை மேலே தள்ளினால் போதும். தூண்கள் சாய்ந்து தெரிந்தால் போனை அண்ணாந்து பிடிக்காமல் பின்னால் நகர்ந்து 2 மடங்கு லென்ஸில் எடுங்கள். உள்ளே இருட்டு அறை என்றால் ஹெச்டிஆரை (இருட்டையும் வெளிச்சத்தையும் சமன்செய்யும் வசதி) அணைத்துவிடுங்கள். இருட்டை வெளுக்க வைத்து அறையைக் கல்யாண மண்டபமாக்கிவிடும்.

ஒன்று கவனியுங்கள், வெயிலே வேண்டாம் என்றவர்களும் உண்டு. ஜெர்மனியின் பெர்ன்ட் பெஷர், ஹில்லா பெஷர் தம்பதி தண்ணீர்த் தொட்டிகளையும் சுரங்கக் கோபுரங்களையும் ஊது உலைகளையும் மேகமூட்டத்தில், நேருக்கு நேர் நின்று எடுத்தார்கள். அவர்களுக்கு வடிவம் வேண்டும், நிழல் இடைஞ்சல். உங்களுக்கு வேண்டியது காரையா, கட்டடத்தின் வடிவமா என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். சத்திரத்தின் மாடிக்கு மட்டும் ஏறாதீர்கள்.

காரைக்குடி: அக்கா, எங்க பக்கம் பூட்டியே கிடக்குற செட்டிநாட்டு வீடு நிறைய. ஒண்ணுல பின்கட்டுக் கதவு உடைஞ்சிருக்கு. உள்ள போய் எடுக்கலாமா?

கூடாது. பூட்டியிருக்கிற வீடு வேறு, கைவிட்ட வீடு வேறு. அந்த வீடுகளுக்குப் பங்காளிகள் பல ஊர்களில், பல நாடுகளில் இருப்பார்கள். கல்யாணத்துக்கும், முன்னோர்களுக்குப் படையல் போடும் படைப்புக்கும் வந்து திறப்பார்கள். பக்கத்தில் விசாரித்தால் சாவி வைத்திருப்பவர் யாரென்று தெரியும், அவர் மூலமாக உரிமையாளரிடம் கேளுங்கள். பாதிப் பேர் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள், கூடவே கதையும் சொல்வார்கள்.

அனுமதி கிடைத்த பிறகும் மாடிக்கு ஏறாதீர்கள். அங்கே இருக்கும் மெட்ராஸ் டெரஸ் என்ற பழைய தளம் மர உத்திரத்தின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்பு போட்டது. கரையான் உத்திரத்தின் உள்ளே தின்றிருக்கும், கீழே நின்று பார்த்தால் தெரியாது. மழைக்காலம் முடிந்த பிறகு இன்னும் மோசம்.

என்ன எடுக்கலாம் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்: தூணையும் கதவையும் பெயர்த்துப் பழம்பொருள் கடைக்கு விற்ற வீடுகளில் அவை நின்ற இடம் சுவரில் வேறு நிறமாகத் தெரியும். அதை யாரும் எடுப்பதில்லை.

வேலூர்: நல்ல கேமரா ஒண்ணு சொல்லுங்க, பட்ஜெட் நாற்பதாயிரம்.

மேலே சேலத்துக்காரருக்குச் சொன்னதுதான்.

சென்னை, ஐடி ஊழியர்: அடுத்த வாரம் தனுஷ்கோடி போறேன். "பேய் நகரம்"னு ஒரு சீரிஸ். மனுஷங்க யாரும் ஃபிரேம்ல வராம, கறுப்பு வெள்ளையில. எந்த நேரம் சரியா இருக்கும்?

விடிந்ததும் போங்கள், கூட்டம் குறைவு. இருட்டும் முன்பே திரும்பிவிட வேண்டும். பவளக்கல்லில் கட்டிய தேவாலயச் சுவரில் துளைத்துளையாக இருக்கும், காலை வெளிச்சம் அதற்குப் பொருத்தம். ரயில் நிலையத்தின் மிச்சமும் தண்ணீர்த் தொட்டியும் பக்கத்திலேயே. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில் ஆட்களோடு கடலுக்குள் போனது. அதற்குப் பிறகு அந்த ரயில் பாதையை மீண்டும் போடவில்லை, ஊரை வாழத் தகுதியற்றது என்றும் அரசு அறிவித்தது.

ஆனால் "பேய் நகரம்" என்ற தலைப்பு வேண்டாம். அங்கே மீனவக் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. அந்தத் தேவாலயத்துக்குப் பக்கத்திலேயே சங்கும் சிப்பியும் விற்கிறார்கள். அவர்களை ஃபிரேமிலிருந்து தள்ளிவிட்டு, யாருமில்லை என்று எழுதுவது பொய்.

அவரே மறுபடியும்: கலை வேற, செய்தி வேற மேடம். ஆள் வந்தா அழிவோட அழகு போயிடும். நான் பத்திரிகைக்கு எடுக்கலையே.

இதையேதான் அமெரிக்காவின் டெட்ராயிட் நகரத்திலும் சொன்னார்கள். மிச்சிகன் சென்ட்ரல் ரயில் நிலையம் 1988-இல் மூடியது. உடைந்த ஜன்னலும் உதிர்ந்த கூரையுமாக அதை உலகமே வந்து எடுத்தது, 2010-இல் கனமான படப்புத்தகங்கள் வந்தன. அதே 2010-இன் கணக்கெடுப்பில் அந்த ஊரில் ஏழு லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். "நாங்க இங்கதானே இருக்கோம்" என்று அவர்களுக்குக் கோபம் வராதா? ஃபோர்டு நிறுவனம் அந்தக் கட்டடத்தை 2018-இல் வாங்கிச் சீரமைத்து, 2024-இல் திறந்தும்விட்டார்கள். "செத்த ஊர்" என்று எழுதிய தலைப்புகளை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது?

ராமேஸ்வரம்: அக்கா சொல்றது சரி. எங்க சொந்தக்காரங்க இன்னும் அங்கதான் கரைவலை இழுக்குறாங்க. சர்ச்சுக்குள்ள கல்யாண ஷூட் எடுக்க வர்றவங்க "கொஞ்சம் தள்ளிப் போங்க, ஃபிரேம்ல விழுறீங்க"ன்னு அவங்களையே விரட்டுறாங்க. செவுத்துமேல ஏறி நிக்கிறாங்க, கல்லு உதிருது.

கேட்டுக்கொள்ளுங்கள் சென்னைத் தம்பி.

கோவை: அப்போ ஆள் இல்லாம எடுத்தாலே பொய்யா? நீங்க ரொம்ப ஓவரா போறீங்க.

அப்படிச் சொல்லவில்லையே. பாரிஸில் அட்ஜே என்ற பழைய காலப் படக்காரர் விடியற்காலையில் ஆளில்லாத தெருக்களாக எடுத்துத் தள்ளினார். இடித்துவிடுவார்கள் என்று தெரிந்த பழைய பாரிஸ் அது. "ஓவியர்களுக்கான ஆவணங்கள்" என்று சொல்லித்தான் விற்றார், பாரிஸில் மனிதர்களே இல்லை என்று எழுதவில்லை. ஆளில்லாத படத்துக்குக் கீழே "தனுஷ்கோடி தேவாலயம், இன்ன மாதம், காலை ஏழு மணி" என்று எழுதினால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என் சண்டை தலைப்போடுதான்.

சென்னை: சரி, தலைப்பை மாத்திடுறேன். ஆனா ஆள் வேணாம்.

உங்கள் இஷ்டம். சுவர்மேல் ஏறாதீர்கள்.

ஈரோடு: உடைஞ்ச படிக்கட்டுல ஒரு பழைய பொம்மையை வெச்சு எடுத்தா ஃபீலிங்கா இருக்குமா?

வைக்காதீர்கள்.

சிவகங்கை: ஊருக்கு வெளியே அய்யனார் கோயில் காட்டில் மண்குதிரைகள் தலை உடைந்து, கால் உடைந்து கேட்பாரற்றுக் கிடக்கின்றன. ஒரு தலையை வீட்டுக்கு எடுத்து வந்து நல்ல வெளிச்சத்தில் படம் எடுக்கலாமா?

ஐயோ, தொடாதீர்கள். அவை நேர்த்திக்கடனாகக் கொடுத்தவை. புரவி எடுப்புத் திருவிழாவில் புதுக் குதிரைகளைச் சுமந்து வந்து பழையவற்றின் பக்கத்தில் நிறுத்துவார்கள். பழையதை யாரும் அப்புறப்படுத்துவதோ ஒட்டவைப்பதோ கிடையாது. சாமிக்குக் கொடுத்தாயிற்று, இனி மழையும் வெயிலும் பார்த்துக்கொள்ளும். சுட்ட மண் கரைந்து மண்ணாவது அங்கே இயல்பு, அதில் புறக்கணிப்பு எதுவும் இல்லை.

கோயில் பூசாரியிடம் கேளுங்கள், பல ஊர்களில் குதிரை செய்யும் வேளாரே பூசாரியாகவும் இருப்பார். எந்த வரிசை எந்தத் திருவிழாவில் வந்தது என்று அவருக்குத் தெரியும். புதுசு, நிறம் போனது, கழுத்து போனது, வெறும் கால் மட்டும் நிற்பது என்று ஒரே ஃபிரேமில் வருகிற கோணம் கிடைத்தால் அதைவிட நல்ல படம் இந்தத் தலைப்பில் கிடையாது. அங்கேயே, இருக்கிற இடத்திலேயே எடுங்கள். செருப்பைக் கழற்ற வேண்டிய எல்லை எது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூர்: டிஎஸ்எல்ஆரா, மிரர்லெஸ்ஸா?

இன்று இனிமேல் கேமரா கேள்விக்குப் பதில் இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

திருப்பூர்: துரு நல்லா ஆரஞ்சா தெரிய எந்த ஃபில்டர் போடணும்?

எதுவும் வேண்டாம். மழை நின்றதும் போங்கள், ஈரத்தில் துரு தானாகவே அடர்த்தியாகத் தெரியும்.

கோவை, இன்னொருவர்: மூடின பஞ்சாலைக்குள்ள போக ஓனர் அனுமதி கொடுத்துட்டார். என்ன கவனிக்கணும்?

முறையாகக் கேட்டு வாங்கியிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. தனியாகப் போகாதீர்கள். கனமான ஷூ, டார்ச், நல்ல முகக்கவசம் வேண்டும். உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் தூசி நுரையீரலுக்கு ஆகாது, காய்ந்த புறா எச்சத்தின் தூசியும் அப்படியே. எதையும் காலால் கிளறாதீர்கள், பாம்பும் தேளும் அதற்குக் கீழேதான் இருக்கும். மேலே ஏறாதீர்கள் என்று நான்காவது முறையாகச் சொல்கிறேன். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஆள் எடையைத் தாங்காது.

மதுரை: புளியமரத்தடியில் துருப்பிடித்து நின்ற அம்பாசடர் ஒன்றை எடுத்திருந்தேன். அதை ஒரு கடைக்காரர் கேட்காமலே காலண்டரில் போட்டுவிட்டார். ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டப்படி, நீங்களாக எடுத்த படம் உங்களுடையது. படம் வெளியானதற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளுக்கு உரிமை இருக்கிறது. யாராவது காசு கொடுத்து எடுக்கச் சொல்லியிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, உரிமை அவருக்குப் போய்விடும். உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. கார் யாருடையது என்பதும் இங்கே கேள்வியில்லை.

அம்பாசடர் தயாரிப்பு 2014-இலேயே நின்றுவிட்டதால் இந்த மாதிரிப் படங்களுக்கு இப்போது கிராக்கி, திருட்டும் அதிகம். போனிலோ கார்டிலோ இருக்கும் ஒரிஜினல் ஃபைலை அழிக்காதீர்கள், எடுத்த தேதி அதில்தான் பதிவாகியிருக்கும். காலண்டர் ஒன்றை வாங்கி ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கடைக்காரருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம், பெரும்பாலும் அதிலேயே காசு வந்துவிடும். வராவிட்டால் வக்கீலைப் பாருங்கள், அதற்குமேல் என் வேலை இல்லை.