மல்டிமீடியாவும் பின்வரிசை நித்திரையும்

கேள்வி: நான் வடமராட்சியில் ஒரு பாடசாலையில் தரம் 9க்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வகுப்பில் 38 பிள்ளைகள். கனடாவில் உள்ள பழைய மாணவர்கள் போன வருடம் ஒரு மல்டிமீடியா புரொஜெக்டரும் மடிக்கணினியும் வாங்கித் தந்தார்கள். நானும் இரவிரவாக இருந்து பவர்பொயின்ட் செய்துகொண்டு போகிறேன். முதல் கிழமை எல்லோரும் வாயைத் திறந்து பார்த்தார்கள். இப்போது பின்வரிசை நித்திரை. பாதிப் பேர் ரியூசனில் இதையெல்லாம் முடித்துவிட்டு வருகிறவர்கள். பிள்ளைகள் போன் கொண்டுவர முடியாது, பாடசாலையில் இணையமும் நம்பிக்கையில்லை. எந்த ஆப் போட்டால் இவர்களை எழுப்பலாம்?

பதில்:

ரீச்சர், முதலில் ஒன்று. நித்திரை கொள்கிற பிள்ளையைக் குறை சொல்லாதீர்கள். மின்விசிறி இல்லாத அறை, அரைவாசி இருட்டு, திரையில் பாடப்புத்தகத்தின் அதே வசனங்கள் பெரிய எழுத்தில். நானாக இருந்தாலும் கண் சொருகும். வட மாகாணத்தில் 20 வருடத்துக்கு மேல் விஞ்ஞானம் படிப்பித்து, பிறகு ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போனவன் நான். பார்த்த வகுப்புகளில் பெரும்பாலானவற்றில் மல்டிமீடியா செய்த வேலை, கரும்பலகையில் எழுதுகிற களைப்பை ரீச்சருக்குக் குறைத்தது மட்டும்தான். பிள்ளைக்கு அது புதிதாக எந்த வேலையும் கொடுக்கவில்லை.

ஆகவே எந்த ஆப் என்பதைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றுங்கள். திரையில் விடை தெரிவதற்கு முன், 38 பேரும் தங்கள் ஊகத்தை எங்காவது பதிந்திருக்க வேண்டும். கொப்பியில் எழுதலாம், அட்டையில் காட்டலாம். வாயால் சொல்வது கணக்கில் இல்லை. வாயால் கேட்டால் முன்வரிசையில் அதே மூன்று பேர்தான் சொல்வார்கள், மற்ற 35 பேரும் தலையாட்டுவார்கள்.

மின்சுற்றுப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு உலர்மின்கலம், ஒரே மாதிரியான இரண்டு மின்குமிழ்கள், தொடராக இணைத்திருக்கிறது. படத்தைத் திரையில் போடுங்கள், ஆனால் ஆளியை மூடாதீர்கள். கேள்வி இதுதான்: ஆளியை மூடினால் எது கூட ஒளிரும்? ஏ, நேர்முனைக்குப் பக்கத்தில் இருப்பது. பி, மறைமுனைக்குப் பக்கத்தில் இருப்பது. சி, இரண்டும் ஒரே அளவு. டி, இரண்டும் எரியாது.

ரியூசனில் ஓமின் விதியைக் கரைத்துக் குடித்த பிள்ளையும் இதில் ஏ என்று சொல்வதைப் பார்ப்பீர்கள். சரியான விடை சி. முதல் குமிழ் மின்னோட்டத்தில் கொஞ்சத்தைச் 'சாப்பிட்டுவிடும்', மிச்சம்தான் அடுத்ததுக்குப் போகும் என்ற எண்ணம் பிள்ளைகளின் மனதில் ஆழமாக இருக்கிறது. உலகம் முழுக்க விஞ்ஞான ஆசிரியர்கள் இதே பிழையைக் கண்டிருக்கிறார்கள். சூத்திரம் பாடமாக்கியவருக்கு உதவாத கேள்வியைத் தேடி எடுப்பதுதான் உங்கள் வேலை. அப்படியொரு கேள்வி கிடைத்தால் ரியூசனுக்குப் போனவரும் போகாதவரும் ஒரே கோட்டில் வந்து நிற்பார்கள்.

சரி, பதிவது எப்படி? பிள்ளைகளிடம் போன் இல்லாத வகுப்புக்கென்றே செய்தது போல பிளிக்கர்ஸ் என்று ஓர் ஆப் இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை. அதில் கறுப்புச் சதுரங்களால் ஆன ஒரு வடிவம், பிள்ளைக்குப் பிள்ளை வேறு. அட்டையின் நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி. எந்த விடையோ அந்தப் பக்கம் மேலே வரும்படி பிள்ளை அட்டையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். நீங்கள் உங்கள் போன் கமராவை வகுப்பின் மேல் ஒருமுறை ஓட்டினால் போதும், யார் எதைத் தெரிவுசெய்தார் என்று வந்துவிடும். அட்டைகளை அவர்களின் தளத்திலிருந்து இலவசமாக எடுத்து அச்சடிக்கலாம். வழமையான தொகுதியில் 40 அட்டைகள், உங்களுக்கு 38 போதும். எழுத்துகள் சிறியவை என்பதால் பக்கத்துப் பிள்ளை எட்டிப் பார்த்தாலும் பிரயோசனம் இல்லை. உங்கள் போனில் மட்டும் கொஞ்சம் டேட்டா இருந்தால் சரி. ஒன்றைக் கவனியுங்கள். அட்டைகள் கனகாலம் இருக்கட்டும் என்று பளபளக்கிற லமினேட் போடாதீர்கள். யன்னல் வெளிச்சம் பட்டு மின்னினால் கமரா படிக்காது. தடித்த மட்டையில் அச்சடித்தால் போதும்.

அட்டை அடிக்க வசதியில்லையா? நாலு நிறக் கடதாசித் துண்டு கொடுங்கள். எண்ணுகிற வேலை உங்கள் தலையில் விழும், அவ்வளவுதான்.

வாக்கு வந்ததும் விடையைச் சொல்ல வாய் உன்னும். சொல்லாதீர்கள். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படிப்பிக்கிற எரிக் மசூர் 1990களில் பிரபலமாக்கிய முறை இது. சரியான விடை சொன்னவர்கள் ஏறக்குறைய 30 வீதத்துக்கும் 70 வீதத்துக்கும் இடையில் என்றால், பக்கத்தில் வேறு விடை சொன்னவரோடு இரண்டு நிமிடம் வாதாட விட்டுவிட்டுத் திரும்ப வாக்கு எடுக்க வேண்டும். 30க்குக் கீழே என்றால் வாதாட ஆளில்லை, நீங்கள்தான் இன்னொரு முறை விளக்க வேண்டும். 70க்கு மேலே என்றால் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போகலாம். அந்த இரண்டு நிமிடமும் வகுப்பு இரையும். அதிபர் எட்டிப் பார்ப்பார். பார்க்கட்டும்.

அதற்குப் பிறகுதான் ஆளி. உண்மையான ஆளியாக இருந்தால் நல்லது. இதில் நான் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். கடையில் இரண்டு ரோர்ச் குமிழ் வாங்கிக்கொண்டு போய், வீட்டில் பார்க்காமல், நேரே வகுப்பில் இணைத்தேன். ஏ பக்கத்துக் குமிழ் பளிச்சென்று எரிந்தது, மற்றது மங்கல். பின்வரிசையிலிருந்து ஒருவன் எழும்பி, "சேர், அப்ப நாங்கள் சொன்னதுதானே சரி?" என்றான். வகுப்பே கைதட்டியது. மலிவுக் குமிழ்கள் இரண்டு ஒரே மாதிரி இருப்பதில்லை. பிறகு யோசித்து, இரண்டையும் இடம் மாற்றிப் போடச் சொன்னேன். பளிச்சென்று எரிந்ததே திரும்பவும் பளிச்சென்று எரிந்தது, ஆனால் இப்போது மறைமுனைப் பக்கத்தில். குற்றம் இடத்தில் இல்லை, குமிழில்தான் என்று அவனே சொன்னான். அன்றைக்குத் திட்டமிட்ட பாடத்தை விட அது நல்ல பாடம். என்றாலும் நீங்கள் வீட்டில் ஒருமுறை பார்த்துவிட்டே கொண்டுபோங்கள்.

இந்த இடத்தில்தான் மல்டிமீடியாவுக்கு உண்மையான வேலை வருகிறது. குமிழ் எரிவது கண்ணுக்குத் தெரியும், கம்பிக்குள் நடப்பது தெரியாது. அதைக் காட்ட அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் ஃபெட் சிமுலேஷன்களை, அதாவது கணினியில் செய்துபார்க்கும் மாதிரிப் பரிசோதனைகளைப் பாருங்கள். ஆங்கிலத்தில் பி, எச், ஈ, ரீ என்று நான்கெழுத்தில் தேட வேண்டும். 2001இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்ல் வைமன் 2002இல் தொடங்கிய திட்டம் அது. பல சிமுலேஷன்களுக்குத் தமிழ் வடிவமும் உண்டு. உங்களுக்கு முக்கியமான விஷயம், ஒவ்வொன்றையும் ஒற்றைக் கோப்பாகத் தரவிறக்கிப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு போகலாம். பிறவுசரில் திறக்கும், இணையம் வேண்டாம். மின்சுற்று அமைக்கும் சிமுலேஷனில் இலத்திரன்கள் சின்னச் சின்ன உருண்டைகளாகக் கம்பிக்குள் ஊர்ந்து போகும். முதல் குமிழுக்கு முன்னும் பின்னும் ஒரே வேகம். அம்பியர்மானியை இரண்டு இடத்திலும் வையுங்கள், ஒரே வாசிப்பு. 'சாப்பிடுகிற' கதை அங்கேதான் உடையும். தரம் 9 பிள்ளைகளுக்கு இலத்திரன் போகும் திசையும் பாடப்புத்தகத்தில் மின்னோட்டத்துக்குப் போட்டிருக்கும் அம்புக்குறியும் எதிரெதிராக இருப்பது குழப்பும். சிமுலேஷனில் அம்புக்குறிக்கு மாற்றுகிற தெரிவு இருக்கிறது. முன்கூட்டியே எது வேண்டும் என்று முடிவெடுங்கள்.

சுட்டியை நீங்கள் பிடிக்காதீர்கள். நித்திரை கொள்கிற அந்தப் பின்வரிசையில் இரண்டு பேரிடம் கொடுங்கள். மல்டிமீடியா பூட்டுவது, வயர் இழுப்பது, கழற்றி அலுமாரியில் வைப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஒரு பாடவேளையில் பத்து நிமிடம் வயரோடு மல்லுக்கட்டப் போகிறது என்பதால் இது உங்களுக்கும் இலாபம். முடிந்தால் இரட்டைப் பாடவேளை நாளுக்கு மட்டும் மல்டிமீடியாவை வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஊகி, பிறகு பார் என்பது எங்கள் மண்ணுக்குப் புதிதும் இல்லை. 1823இல் அமெரிக்க மிஷனரிகள் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் டானியல் புவர் பாதிரியார் இருந்த காலம். 1829இல் ஒரு சந்திர கிரகணம் பற்றி அராலியைச் சேர்ந்த பஞ்சாங்ககாரர் விசுவநாத சாஸ்திரியாரின் கணிப்பும் புவரின் கணிப்பும் ஒத்துவரவில்லை. இருவரின் கணக்கையும் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்து முடிவு கண்டார்கள். அதற்குள் மதப் பிணக்கும் இருந்தது, அதை இப்போது விடுவோம். ஆனால் எவ்வளவு உற்றுப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு கணிப்பின் பக்கம் நின்றுவிட்டவருக்கு நித்திரை வராது.

இனி அறையைப் பற்றி. எங்கள் வகுப்பறைகள் பல அரைச்சுவரும் கம்பிவலையும். காலை வெயில் நேரே திரையில் விழும், படம் வெளிறிப் போகும். திரையைக் கரும்பலகைக்கு மேல்தான் தொங்கவிட வேண்டும் என்று சட்டமில்லை. வெளிச்சம் குறைந்த பக்கத்துச் சுவருக்குத் திருப்பி, வாங்குகளையும் திருப்பிப் போடுங்கள். ஒரு நாளைக்கு வகுப்பு திசை மாறி இருப்பதே பிள்ளைகளுக்கு ஒரு கொண்டாட்டம். எழுத்தைப் பெரிதாக்குங்கள், ஒரு திரையில் ஒரு கேள்வி போதும். நீண்ட மண்டபத்தைத் தட்டி வைத்து மூன்று வகுப்பாக்கியிருந்தால் ஸ்பீக்கர் போட்டு வீடியோ காட்டாதீர்கள். பக்கத்து ரீச்சரின் சாபம் வேண்டாம். சத்தமில்லாத சிமுலேஷன் அந்த வகையிலும் நல்லது. கரண்ட் போனால்? கேள்வியும் நாலு விடையும் கரும்பலகையில் எழுதலாம், அட்டைகளுக்குக் கரண்ட் தேவையில்லை.

யூடியூப் வீடியோக்கள் பற்றி ஓர் எச்சரிக்கை. தமிழில் நல்ல விஞ்ஞான வீடியோக்கள் தமிழ்நாட்டிலிருந்து நிறைய வருகின்றன. ஆனால் சொற்கள் வேறு. நாங்கள் பௌதிகவியல் என்பதை அவர்கள் இயற்பியல் என்பார்கள், இரசாயனவியல் அங்கே வேதியியல். எங்கள் ஒளித்தொகுப்பு அவர்களுக்கு ஒளிச்சேர்க்கை, கலம் அவர்களுக்குச் செல், ஒட்சிசன் ஆக்சிஜன், இலத்திரன் எலக்ட்ரான், சமாந்தரச் சுற்று பக்க இணைப்பு. பெரியவர்கள் நாங்கள் சமாளிப்போம். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை வினாத்தாளில் எங்கள் சொல்தான் வரும், தடுமாறுவது பிள்ளை. வீடியோவை விட்டுவிடத் தேவையில்லை. சத்தத்தை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் ஓடவிட்டு நீங்களே சொல்லுங்கள். இன்னொரு வழி, வீடியோவில் வந்த சொல்லுக்கு எங்கள் பாடப்புத்தகச் சொல்லைக் கண்டுபிடிப்பதையே ஒரு வேலையாகக் கொடுங்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பாடப்புத்தகங்கள் பிடிஎப் ஆக இருக்கின்றன, படங்களை அங்கிருந்து வெட்டி எடுத்தால் சொற்சிக்கலும் வராது. சட்ஜிபிடியிடம் கேள்வி தயாரிக்கச் சொல்கிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. அதுவும் தமிழ்நாட்டுச் சொல்லில்தான் அதிகம் எழுதும், சிலவேளை விடையையும் பிழையாகத் தரும். மூன்று பிழை விடை உருவாக்க அதை வைத்துக்கொள்ளுங்கள், சரியான விடையை நீங்கள் எழுதுங்கள்.

மின்சுற்று முடிந்த பிறகு ஒரு நாள், உங்களிடம் பழைய போன் ஒன்று இருந்தால், இதைச் செய்து பாருங்கள். மேசையில் போனை மல்லாக்காக வைத்து, முன்பக்கக் கமராவின் மேல் ஒரேயொரு சின்னத் தண்ணீர்த் துளி. அது வில்லையாகிவிடும். தெளிவான பிளாஸ்ரிக் தாளில் நாலு கல் உப்புப் பொடியைத் தூவி, துளிக்கு மேலே சற்று உயரத்தில் பிடியுங்கள். மெல்ல ஏற்றி இறக்கினால் ஓரிடத்தில் படம் தெளியும். உப்பு தூளாக இல்லாமல் சதுரம் சதுரமாகத் தெரியும். பார்ப்பதற்கு முன் அதன் வடிவத்தைக் கொப்பியில் வரையச் சொல்ல மறக்காதீர்கள். ஆனையிறவு உப்பளத்தைக் கடந்து போய்வருகிற பிள்ளைகள் கூட உருண்டை என்றுதான் வரைவார்கள். புதுப் போனில் மட்டும் வேண்டாம், துளி உள்ளே இறங்கினால் நான் பொறுப்பில்லை.

வகுப்பில் எடுத்த பிள்ளைகளின் படங்களைப் பெற்றாரிடம் கேட்காமல் வட்ஸ்அப்பில் போடாதீர்கள். கனடாவுக்கு நன்றி சொல்ல அனுப்பும் படமும் இதில் அடங்கும், அட்டைகள் தெரியும்படி பின்னாலிருந்து எடுத்தால் போதும். அவர்கள் அடுத்து என்ன வேண்டும் என்று கேட்டால் இன்னொரு திரை கேட்காதீர்கள். நீளமான எக்ஸ்ரென்ஷன் வயர் ஒன்று, நல்ல ரோர்ச் குமிழ் ஒரு பெட்டி, உலர்மின்கலம் ஒரு பெட்டி கேளுங்கள்.

அந்த இரண்டு குமிழ்க் கேள்வியைப் போட்டுவிட்டு, எத்தனை அட்டையில் ஏ மேலே வந்தது என்று எனக்கு எழுதுங்கள் ரீச்சர். என் ஊகத்தை இப்போதே பதிந்து வைக்கிறேன்: 38இல் 21.