ஸ்டீயரிங் கையைப் பிடித்து இழுக்கிறதா? ரேக்கைக் கழற்றும் முன் டயரைத் தடவிப் பாருங்கள்

கேள்வி: 2017 மாடல் ஃபோர்டு மஸ்டாங் ஜிடி ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். முதலில் வைத்திருந்தவர் 20 இன்ச் ரிம், முன்னால் 265/35 டயர், சக்கரத்தை வெளியே தள்ளும் 15 மி.மீ. ஸ்பேசர், வண்டியைத் தாழ்த்தும் லோயரிங் ஸ்பிரிங் எல்லாம் போட்டிருக்கிறார். கோவை செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் ஓட்டினால் வண்டி நூல் பிடித்த மாதிரி போகிறது. அதே வண்டி நீலாம்பூர் – மதுக்கரை பைபாஸில் லாரித் தடத்தில் இறங்கினால் இடமும் வலமும் தானாகப் பாய்கிறது, ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. மூன்று கடைகளில் அலைன்மென்ட் பார்த்துவிட்டேன், கம்ப்யூட்டரில் எல்லாம் பச்சை என்கிறார்கள். கடைசியாகப் போன கராஜில் ஸ்டீயரிங் ரேக் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா சார்?

பதில்: வேண்டாம். உங்கள் கேள்வியிலேயே அதற்குக் காரணம் இருக்கிறது. ரேக் (ஸ்டீயரிங்கின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பற்சட்டம்) தேய்ந்திருந்தால் ஸ்டீயரிங்கை நேராகப் பிடிக்கும்போது நடுவில் ஒரு லூஸ் தெரியும், அல்லது திருப்பும்போது கட்டி கட்டியாகத் தடுக்கும். அந்தக் கோளாறு சாலை பார்த்து வராது. மழமழப்பான ரேஸ் டிராக்கிலும் தெரிந்தே தீரும். டிராக்கில் நேராகப் போகிற வண்டி பைபாஸில் மட்டும் ஆடுகிறது என்றால், பிரச்சினை டயரும் தாரும் சந்திக்கிற இடத்தில் இருக்கிறது. அங்கிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக மேலே போவோம். ரேக் கடைசி. அதுவும் இறக்குமதி செய்ய வேண்டிய சாமான். அதற்குப் பணம் கட்டிவிட்டு, மாட்டிய பிறகும் வண்டி அப்படியே ஆடினால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

முதலில் ஏன் இப்படி ஆகிறது என்று பார்த்துவிடலாம். அது புரிந்தால் எந்தக் கடைக்காரரும் உங்களைக் குழப்ப முடியாது.

லாரிகள் வெயிலில் இளகிய தாரை அமுக்கி அமுக்கி நீளமாக இரண்டு பள்ளங்களை உண்டாக்கிவிடுகின்றன. லாரியின் இரு பக்கச் சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் அகலம் உங்கள் காரை விட அதிகம். அதனால் உங்கள் இரண்டு முன் சக்கரங்களும் ஒரே நேரத்தில் பள்ளத்தின் நடுவில் உட்காராது. ஏதோ ஒன்று சரிவில் நிற்கும். ஒல்லியான, பக்கச்சுவர் உயரமான டயராக இருந்தால் கொஞ்சம் நசுங்கி அந்தச் சரிவை வாங்கிக்கொள்ளும். உங்களுடையது அகல டயர், பக்கச்சுவரும் குட்டை, விறைப்பு. அது நசுங்காது. மேட்டுப் பக்கத்து ஓரம் மட்டும் எடையைச் சுமக்கும். எடை டயரின் நடுவை விட்டு ஓரத்துக்குப் போனதும், சக்கரத்தை அதன் திருப்பு அச்சில் சுழற்ற ஒரு விசை கிடைத்துவிடுகிறது. உங்கள் கையில் தெரியும் இழுப்பு அதுதான். இதை ட்ராம்லைனிங் என்பார்கள்.

இன்னொரு காரணத்தை அதிகம் பேர் சொல்வதில்லை, ஆனால் உங்கள் வண்டிக்கு அதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். டோ-இன் (இரு சக்கரங்களின் முன்பகுதியும் உள்நோக்கித் திரும்பியிருப்பது), நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாய்ந்திருப்பது) இரண்டுமே இடது டயரை வலப்பக்கமும் வலது டயரை இடப்பக்கமும் தள்ளிக்கொண்டே இருக்கும். சமதளத்தில் இந்த இரண்டு தள்ளலும் ஒன்றையொன்று கழித்துவிடும், உங்களுக்கு எதுவும் தெரியாது. இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஒரு கணம் எடை இழந்தால், வலது டயரின் தள்ளல் மட்டும் மிஞ்சுகிறது. வண்டி இடப்பக்கம் பாய்கிறது. அடுத்த கணம் நிலைமை தலைகீழ். கேம்பரும் டோவும் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு பாய்ச்சல். வண்டியைத் தாழ்த்தும்போது இவை இரண்டுமே மாறும்.

இப்போது உங்கள் வண்டிக்கு வருவோம். 2016-ல் இந்தியாவுக்கு வந்த இந்தத் தலைமுறை மஸ்டாங், 5 லிட்டர் வி8 எஞ்சின், கிட்டத்தட்ட 400 குதிரைத்திறன். கம்பெனி போட்ட டயர் முன்னால் 255/40 ஆர்19, பின்னால் 275/40 ஆர்19. முதல் எண் மி.மீ.-ல் அகலம், இரண்டாவது அதில் பக்கச்சுவர் எத்தனை சதவீதம் என்பது. அந்த 255/40-ன் பக்கச்சுவர் உயரம் 102 மி.மீ. உங்கள் 265/35-ல் அது 93 மி.மீ. 9 மி.மீ. என்பது சின்ன எண்ணாகத் தெரியலாம். அதோடு கூடுதல் அகலம், ஸ்பேசர், கட்டையான ஸ்பிரிங் எல்லாம் சேர்ந்திருப்பதால் சாலையின் ஒவ்வொரு சுருக்கமும் உங்கள் கைக்கு வந்து சேர்கிறது.

சரி, என்ன செய்வது? காசு செலவில்லாததில் தொடங்குங்கள்.

காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போது காற்றழுத்தத்தைப் பாருங்கள். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுதான் ஆரம்பப் புள்ளி. நம் ஊர்க் கடைகளில் “பள்ளத்துல ரிம் அடிபடாது சார்” என்று சொல்லி 40 பிஎஸ்ஐ வரை ஏற்றிவிடுவார்கள். நல்லெண்ணம்தான், ஆனால் ஏற்கெனவே விறைத்த டயரை அது இன்னும் விறைப்பாக்கும். அதற்காக ஸ்டிக்கரில் உள்ளதை விடக் குறைக்கவும் வேண்டாம். குட்டைப் பக்கச்சுவர் டயரில் காற்று குறைந்தால் பள்ளத்தில் ரிம் நசுங்கும் ஆபத்து அதிகம்.

அடுத்தது டயரைக் கையால் தடவிப் பார்ப்பது. ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து வண்டியை நிறுத்துங்கள். உள்ளங்கையை டயரின் மேல் வைத்து, வெளி ஓரத்திலிருந்து உள் ஓரத்துக்கு இழுங்கள். பிறகு உள்ளிருந்து வெளியே. ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த் திசையில் அரம் மாதிரி கரகரப்பாகவும் இருந்தால் டோ தப்பு. கம்ப்யூட்டர் பச்சை காட்டினாலும் சரி, தப்புதான். அப்புறம் டயரின் உள் ஓரத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். தாழ்த்திய வண்டிகளில் வெளியே நின்று பார்த்தால் டயர் புதிது மாதிரி இருக்கும், உள் ஓரம் நூல் தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருக்கும். அப்படி நூல் தெரிந்தால் மேற்கொண்டு எதையும் படிக்க வேண்டாம், டயர் மாற்றும் வரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கச்சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் எழுத்துகளின் முடிவில் நான்கு எண்கள் இருக்கும். 2317 என்றால் 2017-ன் 23-வது வாரம் தயாரானது. இந்த வகைக் கார்கள் பெரும்பாலும் ஷெட்டில்தான் நிற்கின்றன. டிரெட் தேயாமலே ரப்பர் இறுகிவிடும். இறுகிய டயர் பள்ளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. தேயவில்லையே என்று பார்க்காதீர்கள்.

மூன்றாவது, ஸ்பேசர். என்னைக் கேட்டால் உங்கள் வண்டியில் முதலில் கழற்ற வேண்டிய சாமான் இதுதான். சக்கரம் எந்த அச்சில் திரும்புகிறதோ, அந்த அச்சுக் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் டயரின் நடுவுக்கும் இடையே உள்ள தூரத்தை ஸ்க்ரப் ரேடியஸ் என்பார்கள். கம்பெனி அதை யோசித்துத்தான் வைத்திருக்கிறது. 15 மி.மீ. ஸ்பேசர் போட்டால் டயர் அவ்வளவு வெளியே நகர்கிறது. அதன் பிறகு ஒரு பக்க டயரில் வரும் ஒவ்வொரு அடியும் நீண்ட நெம்புகோலைப் பிடித்து ஸ்டீயரிங்கைத் திருப்புகிறது. இந்த நெம்புகோல் நீளத்தை எந்த அலைன்மென்ட் கடையாலும் சரிசெய்ய முடியாது. பாதுகாப்புச் சங்கதியும் உண்டு. நீளமான ஸ்டட் (சக்கர நட்டு ஏறும் மரைக்கம்பி) போடாமல் ஸ்பேசர் மட்டும் செருகியிருந்தால் நட்டுக்குப் போதுமான மரை கிடைக்காது. கழற்றியதும் ரிம்மின் உட்பக்கம் ஸ்ட்ரட்டில் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தண்டு) உரசாமல் இருக்கிறதா என்று சக்கரத்தைக் கையால் சுற்றியும், முழுக்க ஒடித்தும் பாருங்கள். உரசினால் அந்த ரிம்மே இந்த வண்டிக்கானது இல்லை. நட்டுகளை டார்க் ரெஞ்சால் 204 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கச் சொல்லுங்கள்.

இதை விடச் சுருக்கமான வழியும் உண்டு. பழைய உரிமையாளருக்கு ஒரு போன் போடுங்கள். கம்பெனி 19 இன்ச் ரிம்களை இப்படி மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் தூக்கி எறிவதில்லை, வீட்டில் எங்காவது கிடக்கும். நல்ல டயரோடு அந்த நான்கையும் ஸ்பேசர் இல்லாமல் மாட்டி, அதே பைபாஸில் அதே இடத்தில் ஓட்டுங்கள். ஆட்டம் முக்கால்வாசி போய்விட்டால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

போகவில்லை என்றால் வண்டியை லிஃப்டில் ஏற்றுங்கள். ஒருவர் எஞ்சின் ஓடும்போது ஸ்டீயரிங்கை இடமும் வலமும் ஓரங்குலம் மட்டும் ஆட்டட்டும். இன்னொருவர் கீழே நின்று டை ராடு எண்டில் (ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனை) விரல் வைத்துப் பார்க்கட்டும். தேய்மானம் இருந்தால் கண்ணுக்குத் தெரிவதற்கு முன் விரலுக்குத் தெரியும், டக் டக்கென்று. அடுத்து, சக்கரத்தைக் கீழே வண்டியோடு பிடித்திருக்கும் லோயர் ஆர்ம்கள். இந்த மஸ்டாங்கில் முன்னால் ஒவ்வொரு பக்கமும் கீழே ஒரே ஆர்ம் கிடையாது, இரண்டு தனித்தனி ஆர்ம், இரண்டு பால் ஜாயின்ட். நம் சாலைப் பள்ளங்களில் அடி வாங்குவது இவற்றின் ரப்பர் புஷ்கள்தான். புஷ் கிழிந்தால் சக்கரம் ஒவ்வொரு அடிக்கும் பின்னால் போய்த் திரும்ப வரும், அந்த நேரத்தில் டோவும் மாறும். நின்றிருக்கும் வண்டியில் அளக்கிற அலைன்மென்ட் கருவிக்கு இது தெரியவே தெரியாது. கடப்பாரைக் கம்பி வைத்து நெம்பிப் பார்த்தால்தான் வெடிப்பு வாயைத் திறக்கும்.

பின் சக்கரங்களையும் மறக்காதீர்கள். வெறுமையான நேர் சாலையில் அளவான வேகத்தில் போய், ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்துங்கள், பிறகு விடுங்கள். அழுத்தும்போது ஒரு பக்கமும் விடும்போது மறுபக்கமும் வண்டி சாய்ந்தால் கோளாறு பின்னால் இருக்கிறது. பின் டோ, அல்லது பின் சஸ்பென்ஷன் புஷ். பின்னால் டோ-அவுட் இருக்கும் வண்டி முன் ஸ்டீயரிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் நேராகப் போகாது.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் அலைன்மென்ட். உங்களுக்கு மூன்று தடவை பார்த்தும் பலனில்லாமல் போனதற்குக் காரணம் அந்தப் பச்சை நிறம். அனுமதிக்கப்பட்ட வரம்பு அகலமானது. அதன் ஒரு ஓரத்தில் டோ ஏறக்குறைய பூஜ்ஜியமாக இருந்தாலும் பச்சைதான் எரியும், ஆனால் வண்டி அலையும். நிறத்தை விடுங்கள், எண்கள் உள்ள பிரின்ட் அவுட் கேளுங்கள். முன்னால் மொத்தம் 0.1 முதல் 0.2 டிகிரி டோ-இன், இரண்டு பக்கமும் சமமாகப் பிரித்து. முன் கேம்பர் சாலைக்கு மைனஸ் 1 டிகிரி பக்கம் இருந்தால் போதும். இந்த வண்டியில் கம்பெனி அமைப்பில் முன் கேம்பரைத் திருக வசதி கிடையாது என்பதால் அது எகிறியிருந்தால் கேம்பர் போல்ட் தேவைப்படும். காஸ்டர் (பக்கவாட்டில் பார்த்தால் சக்கரத்தின் திருப்பு அச்சு சாய்ந்திருக்கும் கோணம்) இரு பக்கமும் அரை டிகிரிக்கு மேல் வித்தியாசப்பட்டால் ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது, விசாரியுங்கள். பின்னால் கேம்பர், டோ இரண்டையும் சரிசெய்யலாம். சில கடைகளில் பின்பக்கத்தைத் தொடாமலே பில் போடுவார்கள், கூடவே நின்று பாருங்கள். அளக்கும்போது டிரைவர் சீட்டில் உங்கள் எடைக்கு யாராவது உட்காரட்டும்.

இந்த வண்டிக்கே உரிய ஒரு சங்கதி. இதன் எலக்ட்ரிக் ஸ்டீயரிங்கில் சாலைச் சரிவாலோ பக்கக் காற்றாலோ வரும் தொடர் இழுப்பை உணர்ந்து, மோட்டாரே எதிர்ப்பக்கம் மெல்லப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. அதனால் சின்ன அலைன்மென்ட் கோளாறு கைக்குத் தெரியாமல் மறைந்துவிடும். டெஸ்ட் டிரைவ் போன மெக்கானிக் “நேராத்தானே போகுது” என்பார், பொய் சொல்லவில்லை. கையை விட டயர்த் தேய்மானத்தை நம்புங்கள். ஸ்டீயரிங் மோடை ஸ்போர்ட்டில் வைத்தால் குணமாகும் என்று யாராவது சொன்னால், அது ஸ்டீயரிங்கின் கனத்தை மட்டுமே கூட்டும், பாய்ச்சலைக் குறைக்காது.

லோயரிங் ஸ்பிரிங் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: எடுத்துவிடுங்கள். தாழ்த்தும்போது டை ராடும் லோயர் ஆர்மும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் கோணம் கெடுகிறது, சக்கரம் மேலும் கீழும் போகும்போதெல்லாம் தானாகவே திரும்புகிறது. பம்ப் ஸ்டீர் என்பது இதுதான். கூடவே சஸ்பென்ஷன் இறங்க இடம் குறைந்து, சின்னப் பள்ளத்திலேயே பம்ப் ஸ்டாப் என்கிற ரப்பர் கட்டையில் போய் இடிக்கும். சந்தேகமாக இருந்தால் ஸ்ட்ரட்டின் தூசிக் கவரைத் தூக்கி, பளபளப்பான ராடைச் சுற்றி ஒரு கேபிள் டையை மாட்டி, அடி வரை தள்ளிவிட்டு ஓட்டிவிட்டு வாருங்கள். அது மேலே போய் பம்ப் ஸ்டாப்பை ஒட்டி நின்றால் நீங்கள் ஸ்பிரிங்கில் ஓட்டவில்லை, ரப்பர் கட்டையில் ஓட்டுகிறீர்கள். பம்ப் ஸ்டீரைச் சரிசெய்யவென்று தனி டை ராடு எண்ட் கிட்கள் விற்கின்றன, ஒழுங்காக அளந்து பொருத்தத் தெரிந்தவர் கிடைத்தால் பலன் உண்டு. கிடைக்காவிட்டால் கம்பெனி ஸ்பிரிங்குக்குத் திரும்புவதுதான் கெட்டிக்காரத்தனம்.

புது டயர் வாங்கும்போது 19 இன்ச்சுக்கே போங்கள். 20 இன்ச் ரிம்மை விட மனமில்லை என்றால் முன்னால் 255/35 ஆர்20 கம்பெனி டயரின் சுற்றளவுக்குச் சரியாக வரும். அகலம் குறைவது நல்லதுதான், ஆனால் பக்கச்சுவர் 89 மி.மீ. ஆக இன்னும் குட்டையாகிவிடும், அதனால் அரைகுறைத் தீர்வு. மென்மைக்காக 18 இன்ச்சுக்கு இறங்கலாமா என்றால், முன்னால் உள்ள பெரிய பிரெம்போ பிரேக் காலிப்பரில் பல 18 இன்ச் ரிம்கள் உட்காராது. நான்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடலாக இருக்கட்டும். ரன்-ஃப்ளாட் (காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் டயர்) பக்கம் போகாதீர்கள், அதன் பக்கச்சுவர் இன்னும் விறைப்பு.

இவ்வளவும் செய்த பிறகும் ஆழமான லாரித் தடத்தில் லேசான ஒரு இழுப்பு மிஞ்சும். 255 அகல டயருக்கு அது இயல்பு, அதைத் துரத்த வேண்டாம். வேலை முடியும் வரை பைபாஸில் தடத்துக்குள் ஓட்டாமல் அரை டயர் அகலம் தள்ளி ஓட்டுங்கள். ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்து ஒவ்வொரு இழுப்புக்கும் எதிராகத் திருப்பினால் வண்டி இன்னும் ஆடும், இரு கையாலும் தளர்வாகப் பிடித்தால் பாதி தானாகவே அடங்கும். ஓவர்டேக்கின்போது பள்ளத்தின் மேட்டைக் குறுக்கே தாண்டும் அந்த நொடியில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தாதீர்கள், நான்கு சக்கரமும் மேட்டைத் தாண்டிய பிறகு அழுத்துங்கள். மழையில் அந்தத் தடங்களில் தண்ணீர் நிற்கும். அகல டயர் அதில் சீக்கிரம் மிதக்கும், அன்றைக்கு ஓவர்டேக்கே வேண்டாம்.