காணுமா?

அன்புள்ள அக்கா,

நான் லிதுவேனியாவில், கௌனாஸ் நகரில் மருத்துவம் படிக்கிறேன். டிசம்பர் 24 இரவு கூடப் படிக்கும் நண்பன் தன் வீட்டுக்கு அழைத்துப் போனான். கூச்சியோஸ் என்ற கிறிஸ்துமஸ் முன்னிரவு விருந்து. பன்னிரண்டு வகை வைத்தார்கள், ஒன்றிலும் உறைப்பு இல்லை. நான் சைவம் வேறு. மேஜையில் ஒரு தட்டு காலியாக இருந்தது, பக்கத்தில் மெழுகுவத்தி. அந்த வருடம் இறந்துபோன பாட்டிக்காம். சாப்பிட்டு முடித்து மிச்சத்தை மூடிக்கூட வைக்காமல் அப்படியே விட்டுவிட்டுப் படுக்கப் போனார்கள். "வீணாகிவிடாதா?" என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. நான் கேட்டது தப்பா? அப்புறம், இவர்கள் தேசிய உணவு என்று கொண்டாடும் செப்பலினாய் வெறும் உருளைக்கிழங்கு உருண்டை. உருளைக்கிழங்கே நேற்று வந்தது. தங்களுக்கென்று ஓர் உணவு மரபு இவர்களுக்கு உண்டா? ஆனால் ரொட்டிக்கு இவர்கள் சொல்லும் 'துவோனா'வும் நம் 'தானியமும்' ஒரே வேர் என்று படித்தபோது சிலிர்த்துவிட்டது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் அரிசிக்கடையில் அசடு வழிந்துவிட்டு வந்திருந்தேன். "இந்த அரிசி காணுமாப்பா?" என்று கேட்டேன். கடைப் பையன் மூட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னம்மா காணோம்?" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். ஒரு படி போட்டால் நாலு பேருக்குச் சோறு காணுமா, அதாவது போதுமா என்பது அவன் பாட்டி தினமும் கேட்டிருக்கக்கூடிய கேள்வி. அவனுக்கு அந்தச் சொல் போய்ச் சேரவில்லை. அந்த எரிச்சல் ஆறுவதற்குள் உங்கள் கடிதம். ஆகவே அடி கொஞ்சம் பலமாக விழும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சில்லறைகளைத் தீர்த்துவிடுகிறேன். துவோனா, தானியம் உறவு உண்மைதான். ஆனால் தானியம் வடசொல் தம்பி. அதை வைத்து லிதுவேனியர் நமக்கு ஒன்றுவிட்ட சகோதரர் என்று வாட்ஸப்பில் அனுப்பிவிடாதீர்கள். சைவம் என்று அலுத்துக்கொள்கிறீர்கள். கூச்சியோஸ் மேஜையில் இறைச்சி கிடையாது, முட்டை கிடையாது, பால்கூடக் கிடையாது. மீனை ஒதுக்கினால் மீதியெல்லாம் உங்களுக்குத்தான். கசகசாவை அரைத்துப் பிழிந்த பாலில் சின்னச் சின்ன ரொட்டித் துண்டுகளை ஊறவைத்துக் கொடுத்திருப்பார்களே, அதைப் பற்றி ஒரு வரி இல்லை. செப்பலினாய் அந்தக் காலத்து ஆகாயக்கப்பலின் பேரால் வந்தது. அதற்கு முன் 'பெரிய உருண்டை' என்ற பொருளில்தான் ஒரு பேர் இருந்தது. உருளைக்கிழங்கு நேற்று வந்ததென்றால் உங்கள் நாக்கு தேடும் மிளகாய் எப்போது வந்தது? போர்த்துகீசியர் கொண்டுவந்தது. பேரைக்கூட மிளகிடம் கடன் வாங்கி வைத்துக்கொண்டோம். தேசிய உணவு என்பது ஓட்டல்காரர்களின் விவகாரம், விடுங்கள்.

'உறைப்பு இல்லை' என்று எழுதினீர்களே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை. ஒரு வீட்டின் சாப்பாட்டை நாக்கு நுனியை மட்டும் வைத்து அளக்கிற பழக்கம் நமக்கு எப்போது வந்தது?

2014இல் ஒரு மொழிபெயர்ப்புப் பட்டறைக்காக வில்னியஸ் போயிருந்தேன். உடன் இருந்த பெண், வடகிழக்கே உதெனா பக்கத்துக் கிராமத்தில் தன் பாட்டி வீட்டுக்கு இரண்டு நாள் அழைத்துப் போனாள். பாட்டிக்கு எண்பது வயது. நான் போனது ரொட்டி சுடுகிற நாள். முந்தின நாளே ரை என்ற தானியத்தின் மாவைக் கரைத்துப் புளிக்க வைத்திருந்தாள். ஓக் மரத் தொட்டி. அதைக் கழுவுவதே இல்லையாம். ஒவ்வொரு முறையும் ஒரு கை மாவை அடியில் விட்டு வைப்பாள், அடுத்த ஈட்டுக்கு அதுதான் உறை. நம் வீட்டுத் தயிர் மாதிரி. தொட்டியில் மாவு புளித்துப் பொங்குவது காதில் கேட்டது. மெல்லிய சத்தம், யாரோ தூக்கத்தில் உதட்டைப் பிரிக்கிற மாதிரி.

நீண்ட பிடிபோட்ட மரத்துடுப்பில் காய்ந்த இலைகளைப் பரப்பினாள். வாள் மாதிரி நீளமான இலை. ஒன்றைக் கசக்கி மோந்து பார்த்தேன். வசம்பு! குளக்கரையில் பறித்து உலர்த்தி வைத்திருந்தாள். நம் ஊரில் ராத்திரியில் பேர் சொல்லாமல் 'பிள்ளை வளர்ப்பான்' என்கிறோமே, அதே வசம்பு. நமக்குக் கிழங்கு, அவர்களுக்கு இலை. அதன்மேல் மாவை வைத்து, ஈரக்கையால் வழித்து, விரலால் சிலுவை போட்டு அடுப்புக்குள் தள்ளினாள். தொட்டியைச் சுரண்டி எடுத்த மாவில் உள்ளங்கையளவு ஒரு குட்டி ரொட்டி. அது குழந்தைகளுக்கு. குழந்தை இல்லாததால் எனக்கு.

வெந்து வந்ததும் நான் பெரிய ரொட்டியில் கை வைக்கப் போனேன். தட்டிவிட்டாள். நாளைக்குத்தான். சூடான ரொட்டி 'ஸ்கல்ஸா' ஆகாது என்றாள். பேத்தி மொழிபெயர்க்கத் திணறினாள். ருசி இல்லையா? இல்லை. சத்து இல்லையா? இல்லை. "கொஞ்சம் இருந்தாலும் நிறைய நாள் வருவது, நிறையப் பேருக்கு வருவது…" என்று இழுத்தாள். எனக்குச் சட்டென்று பிடிபட்டது. காணுவது! சூடாக இருந்தால் ஆளுக்கு அரை ரொட்டி தின்றுவிடுவோம், காணாது. ஆறி, ஒருநாள் கிடந்து, இறுகினால் காணும். யாராவது ரொட்டி அறுக்கும்போது வீட்டுக்குள் நுழைகிறவர், கடவுள் இதைக் காண வைக்கட்டும் என்று சொல்லிக்கொண்டுதான் நுழைய வேண்டுமாம்.

மறுநாள் ரொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, கத்தியைத் தன்னை நோக்கி இழுத்து அறுத்தாள். எனக்கு வயிறு கலங்கியது. ஆனால் ஒவ்வொரு துண்டும் ஒரே கனம். அடியில் வசம்பு இலையின் நரம்பு கோடு கோடாகப் பதிந்திருந்தது. எனக்குத் தந்த துண்டு கை நழுவித் தரையில் விழுந்தது. நான் குனிவதற்குள் அவள் குனிந்தாள். எடுத்து, ஊதி, முத்தமிட்டு, தன் தட்டில் வைத்துக்கொண்டு எனக்கு வேறு துண்டு தந்தாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அன்று சாயங்காலம்தான் சொன்னாள். 1941 ஜூன் 14 அன்று சோவியத் படை வீடுவீடாக ஆட்களைப் பிடித்தபோது அவளுக்கு ஏழு வயது. அப்பாவை வேறு ரயில் பெட்டியில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை. அம்மா கைக்கு அகப்பட்டதைப் போர்வையில் சுற்றினாள். அதில் ஒரு முழு ரொட்டி. சைபீரியா போகும் வழியில் அம்மாவும் மூன்று பிள்ளைகளும் அதைப் பதினொரு நாள் தின்றார்கள். "பதினொரு நாள்" என்று விரலை மடக்காமல் சொன்னாள். ரொட்டி கறுப்பாக, புளிப்பாக, இறுகிப்போய் இருந்ததால் வந்த பதினொரு நாள். உங்களுக்கு உறைப்பு போதவில்லை.

கோபமாக எழுதுகிறேன், தெரிகிறது. ஊரை விட்டுத் தனியாக, பனியில், பெயர் தெரியாத பன்னிரண்டு பதார்த்தத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளையிடம் இவ்வளவு கூடாது. ஊறுகாய் வேண்டுமென்றால் முகவரி அனுப்புங்கள், நாரத்தங்காய் இருக்கிறது.

அந்தப் பாட்டி வீட்டில் மாதா படத்துக்குப் பின்னால் ஒரு காய்ந்த ரொட்டித் துண்டு செருகியிருந்தது. பிப்ரவரி 5, புனித ஆகத்தா திருநாளில் கோவிலில் மந்திரித்தது. வீட்டைத் தீ அண்டாதாம். கல்லாகிவிட்டிருந்தது. அதை யாரும் வீண் என்று சொல்லவில்லை.

ஆமாம், நீங்கள் கேட்டது. தப்பென்று தோன்றவில்லை. அவர்கள் வீட்டுப் பாட்டியே கேட்டிருப்பாள். ஆனால் மறுநாள் காலையில் அந்த மிச்சத்தை யார் சாப்பிட்டார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. கவனிக்காமல் தூங்கியிருப்பீர்கள். நண்பனிடம் கேட்டு எழுதுங்கள்.

ஊருக்கு வரும்போது எனக்கொரு ரொட்டி கொண்டு வாருங்கள். பயணத்துக்குத் தாங்கும். அடியில் இலை ஒட்டியிருந்தால் பிய்த்துப் போட்டுவிடாதீர்கள்.

அன்புடன்,
அக்கா