எந்தக் குழலுக்கு எந்தச் சோக்?

கேள்வி: இங்கிலாந்தில் வசிக்கும் என் மருமகன், மேலும் கீழுமாக இரு குழல்கள் அமைந்த 12 போர் (bore, குழல் விட்ட அளவு) துப்பாக்கி ஒன்றை வாங்கியிருக்கிறார். வார இறுதிகளில், வானில் எறியப்படும் களித்தட்டுகளைச் சுடுவார். குளிர்காலத்தில் நாயுடன் வயலோரமாக நடந்து ஃபெசன்ட் பறவை, முயல் சுடுவார். துப்பாக்கியுடன் கிடைத்த, குழல் வாயில் திருகிப் பூட்டும் ஐந்து சோக்குகளில், தூரத்துக்கு உதவும் என்று முழுச் சோக்கையே பூட்டும்படி நண்பர் ஒருவர் கூறுகிறாராம். அது சரிதானா? டிசம்பரில் நானும் அங்கு செல்லவிருக்கிறேன்.
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: நண்பரின் யோசனை இந்தத் தேவைக்குப் பொருந்தாது. சோக் என்பது குழலின் வாயருகே அமைந்த மிகச் சிறிய ஒடுக்கம். கால் சோக்கில் அது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 10 பங்கு, அரைச் சோக்கில் 20, முழுச் சோக்கில் 40 பங்கு வரை இருக்கும். அது சன்னங்கள் (தோட்டாவிலுள்ள சிறு குண்டுகள்) விரிந்து பரவுவதைத் தாமதப்படுத்துகிறதே தவிர, அவற்றுக்குப் புதிய வலுவைத் தருவதில்லை. 40 யார் தூரத்தில் 30 அங்குல வட்டத்துக்குள், ஒடுக்கமே இல்லாத சிலிண்டர் குழல் தன் சன்னங்களில் ஏறத்தாழ 40 வீதத்தையும், அரைச் சோக் 60 வீதத்தையும், முழுச் சோக் 70 வீதத்தையும் இடும் என்பது வழமையான கணக்கு. ஆனால் நாய் கிளப்பும் பறவை பெரும்பாலும் 20 முதல் 30 யாருக்குள்ளேயே சுடப்படுகிறது. 20 யாரில் முழுச் சோக்கின் பரவல் ஏறத்தாழ 16 அங்குலம் மட்டுமே என்பதால், குறி சற்றுப் பிசகினால் பறவை தப்பிவிடும். பிசகாவிட்டால் சன்னங்கள் மிகுதியாகப் பாய்ந்து இறைச்சி கறிக்கு உதவாது.

முதலில் வெடிக்கும் குழலுக்குக் கால் சோக்கும், மற்றதற்கு அரைச் சோக்கும் பூட்டச் சொல்லுங்கள். விலகிப் பறக்கும் பறவை இரண்டாம் வெடிக்குள் மேலும் தொலைவு சென்றிருக்கும் என்பதே இந்த ஒழுங்கின் காரணம். பலவகைத் தட்டுகள் வரும் ஸ்போர்ட்டிங் களத்துக்கும் இதே இணை போதும். ஸ்கீட் என்னும் தட்டுப் போட்டியில் தட்டு அருகில் குறுக்காகப் பறப்பதால் சிலிண்டரும், ட்ராப் என்னும் போட்டியில் விலகி ஓடுவதால் முக்கால் சோக்கும் முழுச் சோக்கும் பொருந்தும். ஒவ்வொரு தட்டுக்கும் சோக்கைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பவர்களைக் களங்களில் காணலாம்; அந்தக் கவனத்தைத் தட்டின் ஓட்டத்தோடு துப்பாக்கியை வீசித் திருப்புவதில் செலுத்தினால் கூடுதல் தட்டுகள் உடையும்.

1999 முதல் இங்கிலாந்தில் காட்டு வாத்துகளை ஈயச் சன்னத்தால் சுடுவதற்குத் தடை உண்டு. அதற்கு மாற்றான உருக்குச் சன்னம் கடினமானது, குழலுக்குள் நசுங்காது. ஆகவே ஈயத்தைவிட நெருக்கமாகவே செல்லும். 4 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட உருக்குச் சன்னத்துக்கு அரைச் சோக்குக்கு மேல் போகவே கூடாது. பழைய துப்பாக்கியாயின், உருக்குத் தோட்டாவுக்கு அது ஏற்றதா என்பதைத் துப்பாக்கித் தொழில்நுட்பரிடம் காட்டிய பின்னரே சுட வேண்டும்.

சோக்கில் பொறித்திருக்கும் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே சோக், தோட்டா மாறினால் வேறுவிதமாகப் பரப்பும் என்பதால், வழக்கமாகச் சுடும் தூரத்தில் பெரிய தாளொன்றை நிறுத்திச் சில வெடிகள் வைத்துப் பார்ப்பது அவசியம். சோக்கை மாற்றுமுன் துப்பாக்கி வெறுமையாக இருப்பதை உறுதிசெய்ய வேண்டும். சோக் இல்லாமல் சுட்டால், அதைப் பூட்டும் திருகு மரை பழுதாகும்.

நீங்களும் வயலில் சுட விரும்பினால், வருகையாளருக்கான அனுமதிப்பத்திரத்துக்கு மருமகன் தம் பகுதிப் பொலிஸாரிடம் முன்கூட்டியே விண்ணப்பிப்பது நல்லது.