ஆழ்கடல் தூண்டில் மீன்கள்: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: வைப்பர் மீனின் முதுகிலும் நீண்ட கம்பி, நுனியில் விளக்கு. அதுவும் தூண்டில் மீன்தானே?

பதில்: இல்லை. விளக்கை வைத்துப் பிரித்தால் ஆழ்கடலில் பாதி ஒரே குடும்பமாகிவிடும். வைப்பர் மீன் ஸ்டோமிஃபார்மீஸ் வரிசை (பல குடும்பங்கள் அடங்கிய பெரிய உயிரினப் பிரிவு). அதன் ஒளியை அதன் உடலே உண்டாக்குகிறது. தூண்டில் மீன்கள் லோஃபிஃபார்மீஸ். கரையோரத் தவளை மீன்களும் அந்த வரிசைதான். அதற்குள் ஆழ்கடலின் நடுநீரில் மிதக்கும் பிரிவு செரடியாய்டி: 11 குடும்பங்கள், சுமார் 170 இனங்கள். முதுகுத் துடுப்பின் முதல் முள் நெற்றிக்கு வந்து தூண்டில் கோலாகிவிட்டது. நுனிக் குமிழில் ஒளிர்வது பெரும்பாலும் பாக்டீரியா. லினோஃப்ரைன் பேரினம் இன்னும் விசித்திரம்: குமிழில் பாக்டீரியா, தாடியில் சொந்த ஒளி. காலோஃப்ரைன் குடும்பத்துக்கோ ஒளிரும் பாக்டீரியாவே கிடையாது.

கேள்வி: அந்த பாக்டீரியா தாயிடமிருந்து வருகிறதா?

பதில்: இல்லை. மேல்மட்ட நீரில் வளரும் குஞ்சுகளிடம் அது இருப்பதில்லை. பின்னால் கடல்நீரிலிருந்து வந்து சேர்கிறது.

கேள்வி: மனிதனைக் கடிக்குமா?

பதில்: நீங்கள் பார்த்த படத்தில் அளவுகோல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலானவை உள்ளங்கைக்குள் அடங்கும். செரடியாஸ் ஹோல்பெல்லி பெண் ஒரு மீட்டரைத் தாண்டும், அது விதிவிலக்கு.

கேள்வி: 2025இல் ஸ்பெயினின் டெனெரிஃப் தீவு அருகே மேலே வந்த மீன் சூரியனைப் பார்க்கத்தானே வந்தது?

பதில்: அது மெலனோசீட்டஸ் ஜான்சோனி என்ற தூண்டில் மீன், பெண். வந்த காரணம் தெரியாது, சில மணி நேரத்தில் இறந்துவிட்டது. அளவு? சுமார் 6 செ.மீ. மறுபடியும் சொல்கிறேன்: அளவுகோல்!

கேள்வி: ஆண் மீன் பெண்ணோடு ஒட்டிக்கொள்ளும் என்கிறார்களே?

பதில்: இதற்காகத்தான் காத்திருந்தேன். 1922இல் ஐஸ்லாந்தின் மீனியலாளர் பியார்னி சேமுண்ட்சன் ஒரு பெண் மீனில் ஒட்டியிருந்த இரண்டு சிறு மீன்களைக் குஞ்சுகள் என்று நினைத்தார். 1925இல் பிரிட்டிஷ் மீனியலாளர் சார்லஸ் டேட் ரீகன் இப்படி ஒட்டியிருப்பது ஆண் என்று காட்டினார். சில குடும்பங்களில் ஆண் கடித்துப் பிடிக்க, தோலும் ரத்தக்குழாயும் இணைந்து, பெண்ணின் ரத்தத்தில் அது பிழைக்கிறது. அந்நிய உடலைப் பெண்ணின் எதிர்ப்புச் சக்தி ஏன் விரட்டுவதில்லை? 2020இல் விடை கிடைத்தது: நிரந்தரமாக இணையும் இனங்களில் எதிர்ப்புச் சக்திக்குத் தேவையான முக்கிய மரபணுக்களே செயலிழந்துள்ளன, சிலவற்றில் அந்நியப் பொருளை அடையாளம் காணும் திறனுக்கு அடிப்படையான ராக் (RAG) மரபணுக்கள் உட்பட. நம் உடலில் அவை இல்லையென்றால் கடுமையான நோய். இவை எப்படித் தாக்குப்பிடிக்கின்றன என்பதுதான் எனக்குத் தூக்கம் கெடுக்கும் கேள்வி.

கேள்வி: அப்போது எல்லா ஆணும் ஒட்டுண்ணி.

பதில்: "எல்லா" வேண்டாம். மெலனோசீட்டஸ் ஆண் சிறிது நேரம் பிடித்துவிட்டு விலகிவிடும்.

கேள்வி: ஒட்டுண்ணி என்றால் கேடு செய்ய வேண்டும். இது விந்து தருகிறதே, கணவன்தானே?

பதில்: சரி, ஒப்புக்கொள்கிறேன், பாதி. உணவுக்கு முழுக்கப் பெண்ணையே நம்பியிருப்பதால் அந்தப் பெயர். ஆனால் பெண்ணுக்கு நஷ்டம் அதிகமில்லை: ஃபோட்டோகோரைனஸ் ஆண் 6 மில்லிமீட்டர் சொச்சம்தான்.

கேள்வி: ஒரே பெண்ணிடம் பல ஆண்கள் இருந்தால் கணவன் வாதம் என்னாகும்?

பதில்: கிரிப்டோப்சாரஸ் பெண்ணில் எட்டு வரை பதிவாகியிருக்கிறது. அந்த வழக்கை நீங்கள் இருவரும் பேசி முடியுங்கள்.

கேள்வி: தொட்டியில் வளர்க்கலாமா?

பதில்: முடியாது.

கேள்வி: கல்பர் ஈல் வாய் ஏன் அவ்வளவு பெரியது?

பதில்: அது விலாங்கு வகை. விலாங்கு படித்தவரிடம் கேளுங்கள்.