கால்வாய்ப் படகில் தலைமைப் பயிற்சி

கேள்வி: இங்கிலாந்தில் கால்வாய்ப் படகில் இளைஞர்களுக்குத் தலைமைப் பயிற்சி தருகிறார்களாமே? படகில் அப்படி என்ன கற்றுக்கொள்ள முடியும்?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: பர்மிங்காம் பக்கம் இரண்டு கோடைகளில் அப்படிப்பட்ட படகில் உதவியாளராகப் போயிருக்கிறேன். படகு 70 அடி நீளம். அகலம் 7 அடிதான். மணிக்கு 4 மைல் வேகத்தைத் தாண்டக் கூடாது. சுக்கானை இடப்பக்கம் தள்ளினால் படகின் மூக்கு வலப்பக்கம் திரும்பும். அது பழகவே அரை நாள் ஆகிவிடும்.

உண்மையான பாடம் லாக்கில்தான், அதாவது படகை ஏற்றி இறக்கும் நீர்த்தொட்டியில். டார்டபிக் என்ற இடத்தில் மட்டும் வரிசையாக 30 லாக்குகள்! இறங்கும்போது மேல்கதவை ஒட்டி நீருக்கடியில் ஒரு திட்டு இருக்கும். தண்ணீர் வடிய வடிய, படகின் பின்பகுதி அதில் மாட்டிக்கொண்டால் படகே மூழ்கலாம். அதனால் சுவரில் வெள்ளைக்கோடு போட்டிருப்பார்கள். படகு அதற்கு முன்னால்தான் நிற்க வேண்டும். ஒருவர் சுக்கானில், இருவர் மதகில். 'நிறுத்து' என்று யார் கத்தினாலும் உடனே மதகை மூடிவிட வேண்டும்.

முதல் நாள் வாயே திறக்காத 16 வயதுப் பெண் ஒருத்தி, மூன்றாம் நாள் அப்படிக் கத்தினாள். படகு கோட்டுக்குப் பின்னால் நகர்ந்திருந்தது. மதகு அந்த நொடியே மூடியது. அன்று இரவு யார் சமைப்பது என்று எல்லாரும் அவளிடம்தான் கேட்டார்கள்.