இரவில் கோல்ஃப் பார்ப்பது – கடிதம்

அன்புள்ள சார்,

வணக்கம். விளையாட்டைப் பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதை வாசிப்பவன். அந்தத் தைரியத்தில் இந்தக் கடிதம்.

எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. ராமமூர்த்தி நகரில் வீடு, ஒயிட்ஃபீல்டில் வேலை. போன வருடம் ஆபீஸ் டீமோடு, கோல்ஃப் பந்து அடித்துப் பழகும் ஒரு டிரைவிங் ரேஞ்சுக்குப் போனோம். அடித்ததில் ஒரே ஒரு பந்து சரியாகப் பட்டது. கையில் எதுவும் பட்டதாகவே தெரியவில்லை, பந்து மட்டும் போய்க்கொண்டே இருந்தது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம். இப்போது ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் யூடியூபில் கோல்ஃப்தான். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களும் பார்க்கிறேன், ‘ஐந்தே நிமிடத்தில் ஸ்லைஸை ஒழியுங்கள்’ வகையறாவும் பார்க்கிறேன். பழைய சாம்பியன் பென் ஹோகனின் ஸ்விங்கை, அதாவது மட்டை வீச்சை, ஸ்லோ மோஷனில் எத்தனை தடவை ஓட்டியிருப்பேன் என்று கணக்கில்லை. அவரைப் போலவே மட்டையைப் பிடித்து, அவரைப் போலவே மணிக்கட்டை மடக்கிப் பழகுகிறேன். ஆனால் சனிக்கிழமை ரேஞ்சில் நின்றால் பந்து முன்னைவிட மோசமாக வலதுபக்கம் வளைந்து ஓடுகிறது. அதற்குத்தான் ஸ்லைஸ் என்று பேர்.

கூட வரும் நண்பர், “பழைய ஆட்களைப் பார்ப்பதெல்லாம் பொழுதுபோக்கு. டெக்னிக் வேண்டுமென்றால் இன்றைய கோச்சுகளைப் பார்” என்கிறார். சரியா?

இன்னொன்று. அப்பா எச்.ஏ.எல்.லில் வேலை பார்த்தவர். ஏர்போர்ட் ரோட்டில் சைக்கிள் மிதித்த காலத்தில் கோல்ஃப் மைதானத்தின் சுவரைத்தான் பார்த்திருக்கிறார். நான் இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, “அது தொரைங்க ஆட்டம்டா” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். இருந்தாலும் உறுத்துகிறது.

பி.கு.: டிரைவர், அதாவது தூரமாக அடிக்கும் பெரிய மட்டை, நல்லதாக ஒன்று வாங்கலாமா? நாற்பதாயிரம் சொல்கிறார்கள்.

எஸ்.கே.,
பெங்களூரு

*

அன்புள்ள எஸ்.கே.,

வரலாறு வேறு, டெக்னிக் வேறு என்கிறார் உங்கள் நண்பர். கோல்ஃபில் அப்படிப் பிரிக்க முடியாது. உங்கள் பந்து வலப்பக்கம் ஓடுவதற்கே காரணம், ஹோகனின் டெக்னிக்கை எடுத்துக்கொண்டு அவருடைய கதையை விட்டுவிட்டதுதான் என்று நினைக்கிறேன்.

ஹோகன் 1912-ல் டெக்சஸில் பிறந்தவர். சிறுவயதிலேயே தகப்பனை இழந்து, ஆடுகிறவர்களின் மட்டைப் பையைச் சுமக்கும் ‘கேடி’யாக இருந்து ஆட்டம் கற்றவர். தொழில்முறை ஆட்டக்காரராக இறங்கிக் கிட்டத்தட்ட பத்து வருடம் அவரை ஆட்டிப்படைத்தது ஒரே வியாதி, ஹூக். பந்து தாழ்வாகக் கிளம்பி இடப்பக்கம் சுருண்டு, விழுந்த பிறகும் நிற்காமல் புதருக்குள் ஓடும். வேகமாக அடிக்க அடிக்க இன்னும் மோசமாகும். அதற்கு அவர் தானே கண்டுபிடித்த வைத்தியம்தான் நீங்கள் ஸ்லோ மோஷனில் பார்க்கும் இரண்டு விஷயங்களும். பிடியில் இடது கையைக் கொஞ்சம் இடப்பக்கமாகத் திருப்பி வைத்தார். ஸ்விங்கின் உச்சியில் இடது மணிக்கட்டைப் பின்பக்கமாக மடக்கினார். இதைத்தான் தன் ‘ரகசியம்’ என்று 1955-ல் லைஃப் பத்திரிகையில் வெளியிட்டார்.

இரண்டுமே மட்டையின் முகம், அதாவது பந்தைத் தொடும் பரப்பு, சீக்கிரம் இடப்பக்கம் திரும்பி மூடிக்கொள்ளாமல் தடுக்கிற ஏற்பாடு. உங்கள் மட்டையின் முகமோ ஏற்கெனவே மூட மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. புதிதாக ஆடுகிறவர்களில் பெரும்பாலானோருக்கு அதுதான் கதி. பிரஷர் எகிறியவருக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையை, பிரஷர் இறங்கித் தலைசுற்றிக் கிடப்பவர் வாங்கிப் போட்டால் என்ன ஆகுமோ அது உங்களுக்கு ஆகியிருக்கிறது. மருந்தில் குற்றமில்லை. நீங்கள் செய்ய வேண்டியது அவர் செய்ததற்கு நேர் எதிர். இடது கையைப் பிடியில் வலப்பக்கமாகத் திருப்புங்கள். மேலிருந்து பார்த்தால் விரல் மூட்டுகள் இரண்டு மூன்று உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

உங்கள் நண்பர் பக்கமும் நியாயம் இருக்கிறது. பந்து ஏன் வளைகிறது என்பதில் பழைய மேதைகள் சொன்னதை அப்படியே நம்ப முடியாது. மட்டை எந்தத் திசையில் வீசப்படுகிறதோ அந்தத் திசையில் பந்து கிளம்பும், பிறகு முகம் பார்க்கும் பக்கமாக வளையும் என்றுதான் பல பத்தாண்டுகள் சொல்லிக்கொடுத்தார்கள். டிராக்மேன் மாதிரியான ராடார் கருவிகள் வந்து, பந்தையும் மட்டையையும் சேர்த்து அளக்க ஆரம்பித்த பிறகு அது கவிழ்ந்தது. பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் முடிவுசெய்வது முகம். அந்த முகத்துக்கும் மட்டையின் பாதைக்கும் உள்ள கோணம்தான் வளைவைத் தருகிறது. ஸ்லைஸ் அடிப்பவர் என்ன செய்கிறார்? வலப்பக்கம் போகிறதே என்று உடம்பை இன்னும் இடப்பக்கம் திருப்பி நிற்கிறார். பாதை இன்னும் இடப்பக்கம் சாய்கிறது, முகம் அப்படியே திறந்திருக்கிறது, கோணம் பெரிதாகிறது, பந்து இன்னும் வளைகிறது. ரேஞ்சில் உங்கள் இரண்டு பக்கமும் நிற்பவர்களைப் பாருங்கள், பாதிப் பேர் இந்தச் சுழலில்தான் இருப்பார்கள்.

பழையவர்கள் பொய் சொல்லவில்லை. மட்டையும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு விநாடியில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. எந்தக் கண்ணுக்கும் அது அகப்படாது. உங்கள் போனுக்கும் அகப்படாது. மட்டை உச்சியிலிருந்து பந்துக்கு வர ஆகும் நேரம் சுமார் கால் விநாடி. விநாடிக்கு முப்பது ஃபிரேம் எடுக்கும் சாதாரண வீடியோவில் அது ஏழெட்டுப் படம், அவ்வளவுதான். பந்தைத் தொடும் கணம் பெரும்பாலும் இரண்டு படங்களுக்கு நடுவில் விழுந்து காணாமல் போகும். ஸ்லோ மோஷன் என்று சிலர் போடுவது அந்த ஏழெட்டுப் படங்களை இழுத்து நீட்டியதுதான். போனில் 240 ஃபிரேம் வைத்து எடுங்கள், அறுபது படமாவது கிடைக்கும். போன் கேமராவில் இன்னொரு கூத்தும் உண்டு. அது முழுப் படத்தையும் ஒரே நேரத்தில் எடுப்பதில்லை, வரி வரியாக வாசிக்கிறது. அதற்குள் மட்டை நகர்ந்துவிடுவதால் தண்டு வில் மாதிரி வளைந்து தெரியும். ‘இந்த வளைவில்தான் பவர் இருக்கிறது’ என்று அதற்கு அம்புக்குறி போட்டு விளக்கும் வீடியோக்களைப் பார்த்தால் தள்ளிவிட்டுப் போங்கள்.

பழையவர்கள் செய்ததைப் பாருங்கள். செய்ததாக அவர்கள் சொன்னதைச் சற்று ஜாக்கிரதையாகக் கேளுங்கள்.

பாபி ஜோன்ஸிடமிருந்து ஆரம்பிக்கலாம். வக்கீல், கடைசிவரை அமெச்சூராகவே போட்டிகளில் ஆடியவர். 1930-ல் பிரிட்டன், அமெரிக்கா இரண்டின் ஓபன், அமெச்சூர் பட்டங்கள் நான்கையும் ஒரே வருடத்தில் வென்று, இருபத்தெட்டு வயதில் போட்டிகளிலிருந்து விலகிவிட்டார். அடுத்த வருடம் வார்னர் பிரதர்ஸ் அவரை வைத்துப் பன்னிரண்டு குறும்படங்கள் எடுத்தது. தியேட்டரில் மெயின் படத்துக்கு முன்னால் ஓட்டுவதற்காக எடுத்தவை. ஹாலிவுட் நடிகர்கள் மட்டை பிடிக்கத் தெரியாமல் விழிப்பார்கள், ஜோன்ஸ் எங்கிருந்தோ வந்து பொறுமையாகத் திருத்துவார். இன்றைய கோல்ஃப் வீடியோக்களுக்கெல்லாம் தாத்தா அதுதான். பார்க்கவும் இன்றைய பேரன்களைவிட நன்றாக இருக்கிறது.

அவர் ஸ்விங்கில் ஒரே ஒரு இடத்தைக் கவனியுங்கள். இடது குதிகால் தரையை விட்டு எழும்பியிருக்கும். கை இன்னும் பின்னால் மேலே போய்க்கொண்டிருக்கும்போதே இடுப்பு இலக்கை நோக்கித் திரும்பத் தொடங்கியிருக்கும். அவசரமே தெரியாது. இது அவருடைய குணம் என்று எண்ணிவிடக் கூடாது. அவர் அந்தப் பட்டங்களை வென்றது ஹிக்கரி மரத் தண்டு மட்டைகளால். மரம் முறுக்கிக்கொள்ளும். உச்சியிலிருந்து வெடுக்கென்று இழுத்தால் முகம் எங்கேயோ திரும்பிவிடும். நிதானமாக, ஒரே தாளத்தில் வீசாதவனுக்கு அந்த மட்டையோடு பிழைப்பில்லை. எஃகுத் தண்டை பிரிட்டனில் அனுமதித்ததே 1929 கடைசியில்தான். நீங்கள் கிராஃபைட் வைத்துக்கொண்டு அவரிடமிருந்து தாளத்தை எடுத்துக்கொள்ளலாம், மணிக்கட்டு வேலையை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஸ்பெயினின் செவே பலெஸ்டரோஸும் அப்படித்தான். சிறுவனாக ஒற்றை மூன்றாம் நம்பர் அயர்ன் மட்டையை வைத்துக்கொண்டு கடற்கரை மணலில் பழகியவர். ஒரே மட்டையால் உயர்த்தவும் தாழ்த்தவும் வளைக்கவும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. 1979 பிரிட்டிஷ் ஓபனில் கார் நிறுத்தும் இடத்துக்கு அடித்துவிட்டு, அங்கிருந்து பேர்டி, அதாவது அந்தக் குழிக்கு நிர்ணயித்ததைவிட ஓர் அடி குறைவு, எடுத்தவர். அவரிடம் போய் நேராக அடிப்பது எப்படி என்று கேட்கக் கூடாது.

துண்டு வீடியோக்களைக் குறைத்துக்கொண்டு முழு ஆட்டங்களைப் பாருங்கள் என்பது என் சிபாரிசு. அறுபதுகளில் ஷெல் எண்ணெய்க் கம்பெனி நடத்திய தொலைக்காட்சித் தொடரில் 1964-ல் ஹூஸ்டனில் எடுத்த ஹோகன்–சாம் ஸ்னீட் ஆட்டம் கிடைக்கிறது. ஹோகனுக்கு ஐம்பத்தொன்று. அதற்குப் பதினைந்து வருடம் முன்பு அவர் கார்மேல் பஸ் மோதி, திரும்ப நடப்பாரா என்றே சந்தேகப்பட்டார்கள். அந்தக் காலோடு, புல் வெட்டிய பாதையான ஃபேர்வே ஒன்றுகூட, குழி இருக்கும் கிரீன் ஒன்றுகூடத் தவறவில்லை. 69–72 என்று, மூன்று அடி குறைவாக ஆடி ஜெயித்தார். ஆனால் பந்து கிரீனுக்கு வந்த பிறகு அவரைப் பாருங்கள். நாலடி தூரத்திலிருந்து குழிக்குள் தட்டும் ‘பட்’டுக்கு முன்னால் குனிந்து நிற்பார். நின்றுகொண்டே இருப்பார். மட்டை பின்னால் நகராது. உலகத்திலேயே சுத்தமாகப் பந்தைத் தொட்டவர் என்று பேரெடுத்த மனிதர், சின்னத் தட்டு தட்ட முடியாமல் உறைந்து நிற்கிறார். அவருடைய ஸ்விங் துணுக்குகளில் இது வரவே வராது. எனக்கு அந்த ஆட்டத்தில் பிடித்ததே இந்த இடம்தான்.

எதிர்த்திசைக்கு நம் ஊர் ஆளே இருக்கிறார். டோக்கியோ ஒலிம்பிக்ஸில் அதிதி அசோக் நான்காவதாக வந்த ஆட்டம். கடைசி நாள் சனிக்கிழமை காலையில், போகி என்றால் பண்டிகை என்று மட்டும் தெரிந்த வீடுகளிலும் டி.வி. ஓடியது. களத்தில் முன்னணியில் இருந்த மற்றவர்களைவிட டிரைவில், அதாவது முதல் அடியின் தூரத்தில், மிகவும் பின்தங்கியிருந்தார். அவர்கள் குட்டை அயர்னால் அடித்த இடத்துக்கு இவர் நீள மட்டையை எடுக்க வேண்டியிருந்தது. குழிக்குள் தட்டும் மட்டையான ‘பட்டர்’தான் அவரைக் கடைசிக் குழிவரை பதக்கத்துக்குப் பக்கத்தில் நிறுத்தியது. வெள்ளிக்கான பிளேஆஃபை ஒரே ஒரு அடியில் தவறவிட்டார். பை சுமந்தது அவர் அம்மா. சிறுமியாக ஒரு ஓட்டலில் காலைச் சாப்பாட்டுக்குப் போனபோது எதிரே தெரிந்த ரேஞ்சைப் பார்த்து ஆசைப்பட்டவர் அதிதி. அது உங்கள் அப்பா சைக்கிளில் கடந்துபோன அதே ஏர்போர்ட் ரோட்டு மைதானம்.

அப்பா சொன்னது பாதி உண்மை. ஸ்காட்லாந்தில் இது துரைகள் ஆட்டமாகப் பிறக்கவில்லை. ஆட்கள் வில் பயிற்சியை விட்டுவிட்டு இதை ஆடப் போகிறார்கள் என்று 1457-ல் அந்த நாட்டுப் பாராளுமன்றம் கால்பந்தோடு சேர்த்து இதையும் தடைசெய்தது. சென்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானம் இன்றைக்கும் ஊர்ச்சொத்து. வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை அதில் ஆட்டம் கிடையாது, ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு உலாவப் போவார்கள். நம்மிடம் வந்தபோதுதான் துரைகளோடு வந்தது. 1829-ல் கல்கத்தா, 1876-ல் பெங்களூர். துரை போன பிறகும் சுவர் நின்றுவிட்டது. 2024 கோடையில் குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த ஊர் இது. சுவருக்குள் தெரியும் பச்சை உறுத்தினால் அதில் தப்பில்லை, எனக்கும் உறுத்துகிறது.

ஆனால் சுவருக்குள்ளும் எல்லாரும் துரை இல்லை. 1991-ல் இந்தியன் ஓபனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர், டெல்லியில் கேடியாக இருந்தவர். இங்கேயும் கேடிகளில் நம் ஆட்கள் கணிசம். எனக்குப் பழக்கமான ஒருவர் இருக்கிறார், முதலாளி பட் அடிக்கும் முன் நேராகக் குழிக்குப் போய் விளிம்பைக் குனிந்து பார்ப்பார். எந்தப் பக்கம் புல் தேய்ந்து காய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமாகப் புல் சாய்கிறது என்று அர்த்தம். பிறகு எழுந்து, “லெஃப்ட்ல ஒன்றரை கப்பு. பைய விடுங்க சார், ஓடிரும்” என்பார். கப்பு என்றால் அந்த நாலேகால் அங்குலக் குழியின் அகலம். நான் பார்த்த எந்த டெக்னிக் வீடியோவிலும் இந்த விளிம்பைக் காட்டியதில்லை. அப்பாவிடம் இவர்களைப் பற்றியும் சொல்லுங்கள்.

டிரைவர் வேண்டாம். அதன் முகச்சாய்வு குறைவு என்பதால் திறந்த முகத்தின் குற்றம் அதில்தான் மிகப் பெரிதாகத் தெரியும். ஏழாம் நம்பர் அயர்னில் பின்சுழற்சி அதிகம், வளைவு குறைவு. பிடியை அதில் திருத்திக்கொள்ளுங்கள். அதையும் வாங்க வேண்டியதில்லை, ரேஞ்சிலேயே வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள். மிச்சமாகும் பணத்தில் கொஞ்சத்தை, உங்களை நேரில் பார்த்துச் சொல்லக்கூடிய ஒரு கோச்சுக்குக் கொடுங்கள். பிடியை மாற்றியதும் கொஞ்ச நாள் பந்து இடப்பக்கம் ஓடும். அதைக் கண்டு பழைய பிடிக்குத் திரும்பிவிடாதீர்கள்.